ஹக்கிள்பெரி ஃபின்னின் மனச்சாட்சி

மனச்சாட்சியைக் கடவுளின் குரல் என்று நாம் பிரசங்கிப்பதுண்டு. இதனை எத்தனை எச்சரிக்கையோடு சொல்லவேண்டும் என்பதை, 1884இல் வெளிவந்த மார்க் ட்வெயினின் 'ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்' என்னும் அமெரிக்க நாவல் உணர்த்துகிறது.

அடிமைமுறை சட்டப்படி நிலவிய மிசௌரி மாநிலத்தில் கதை தொடங்குகிறது. குடிகாரத் தகப்பனுக்குத் தப்பிய வெள்ளைச் சிறுவன் ஹக்கும், தூரதேசத்துக்கு விற்கப்படுவோமென அஞ்சி ஓடிய கறுப்பின அடிமை ஜிம்மும் மிசிசிப்பி ஆற்றில் ஒரே தெப்பத்தில் செல்கின்றனர். 31ஆம் அதிகாரத்தில், வஞ்சகர் ஜிம்மை விற்றுவிட்டபின், ஹக்கின் மனச்சாட்சி அவனை வாதிக்கிறது. அடிமை தப்ப உதவியதையே அது பாவமென்கிறது. ஜெபிக்க முயன்றும் அவனால் இயலவில்லை. ஜிம் இருக்குமிடத்தை எஜமானிக்குக் கடிதத்தில் எழுதியவுடன் பாவம் கழுவப்பட்டதாக உணருகிறான். ஆனால் ஜிம்மின் அன்பு நினைவுக்கு வருகிறது. நரகமே தன் பங்கானாலும் ஆகட்டும் என்று துணிந்து கடிதத்தைக் கிழிக்கிறான்.

அச்சிறுவனுக்குள் பேசியது சமூகத்தின் குரல். அதற்கு வேதமொழியைக் கற்றுக்கொடுத்ததோ திருச்சபை. அடிமைகளை உடையவர் மிஷனரியாகலாமா என்ற சச்சரவால் 1845இல் தென்மாநில பாப்திஸ்தர் தனிச் சங்கமாகப் பிரிந்தனர். 1995இல்தான் அதற்காக மன்னிப்புக் கோரினர். நாவலில் வரும் சைலஸ் ஃபெல்ப்ஸ் விவசாயி, பிரசங்கியும்கூட. அவர் ஜிம்மைக் குடிசையில் பூட்டிவைத்துவிட்டு, அடிக்கடி சென்று அவனோடு ஜெபிக்கிறார். அவர் மாய்மாலக்காரர் அல்லர், நல்ல மனிதர். நம்மை நடுங்கச் செய்வது அதுவே.

நூலின் குறைகளையும் மறைத்தலாகாது. அடிமைமுறையே தீதென்று ஹக் ஒருபோதும் முடிவுசெய்வதில்லை. ஒரு மனிதனை மட்டுமே அவன் நேசிக்கிறான். இறுதி அதிகாரங்களில், எஜமானி தன் மரணசாசனத்தில் ஜிம்மை விடுவித்துவிட்டதை அறிந்த டாம் சாயர், அதனை மறைத்து விளையாட்டுக்காக அவனை வருத்துகிறான். அதுவரை வளர்ந்துவந்த ஜிம்மின் மாண்பு அங்கே வேடிக்கைப் பொருளாகிவிடுகிறது. இருநூறு தடவைக்குமேல் வரும் இழிசொல்லும் கறுப்பின வாசகரை இன்றுவரை புண்படுத்துகிறது.

எனினும் நாவல் எழுப்பும் கேள்வி நம்மை விடுவதில்லை. தன்மேல் ஒரு குற்றத்தையும் தான் அறியாதிருந்தும், அதனால் தான் நீதிமானாகிவிடுவதில்லை என்று பவுல் எழுதினான் (1 கொரி. 4:4). சபையாரின் மனச்சாட்சியை எழுப்ப நாம் பிரசங்கபீடம் ஏறுகிறோம். அது எழுந்து பேசுங்கால், நாம் அதற்குக் கற்பித்ததையே பேசும். ஆதலால், நாம் கற்பித்தது என்ன என்பதை முதலாவது ஆராயக்கடவோம்.