பழுது எந்தப் பக்கம்? தோட்டத்து லைனில் ஓர் ஈ1 கார்ட்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது மலையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. பதுளையைப் பார்த்த சரிவில் வீடியோவே ஓடும். ஒரு வளைவு தாண்டி நமுனுகுல மலையின் மறைவுக்குள் போய்விட்டால் குறுஞ்செய்தி அனுப்புவதே பெரும்பாடு. வெள்ளைக்காரத் துரைமார் பெக்டரிகளைத் தண்ணீரும் பாதையும் பார்த்துக் கட்டினார்கள். அதனால் ஊவாவின் பல தோட்டங்களில் பெக்டரி பள்ளத்திலும் டவர் மேட்டிலும் இருக்கின்றன, நடுவில் ஒரு மலை நிற்கிறது.

பெக்டரி ஒபிசுக்கோ இன்று லைன் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறியது. செக்ரோல் என்னும் சம்பளப் பதிவு, சேமலாப நிதிக் கணக்கு, கொழுந்து நிறை, தரகருக்கு அனுப்பும் விவரம் எல்லாம் கம்பியிலோ காற்றிலோதான் போகின்றன. மாதக் கணக்கு ஒரு நாள் பிந்தினால் அது லயத்தில் சம்பளம் எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தைத்தான் முதலில் தொடும். ஃபைபர் வந்த இடங்களுக்கு இந்தக் கவலை இல்லை. வராத இடங்களில், இரண்டு மேடுகளில் இரண்டு தட்டுகளை எதிரெதிரே பார்க்க வைத்து அமைத்த பழைய மைக்ரோவேவ் இணைப்புகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அவற்றுள் பலவற்றின் பின்பக்கத்தில் நாம் பழகிய ஈதர்நெட் வாசல் கிடையாது, ஈ1 வாசல்தான் இருக்கும்.

அந்த வாசலுக்கும் ஒபிஸ் கணினிகளுக்கும் நடுவில் உட்காரும் பொருளைத்தான் இங்கே பார்க்கிறோம். சிஸ்கோ 1841 ரவுட்டர், அதில் செருகிய வீவிக்-2 வகை ஒற்றை வாசல் டி1/ஈ1 கார்ட். ரவுட்டர் 2004இல் வெளிவந்தது. இன்று புதிதாகக் கிடைக்காது. பழைய கணினிச் சாமான் விற்பவர்களிடம் தேட வேண்டும். நெட்வொர்க் படிக்கும் நம் பிள்ளைகள் பயிற்சிக்காக வாங்குவதும் பெரும்பாலும் இந்த வரிசைப் பெட்டிகளைத்தான்.

ஈ1 என்பது நொடிக்கு 20 லட்சத்து 48 ஆயிரம் பிட் ஓடும் டிஜிட்டல் லைன். 125 மைக்ரோ நொடிக்கு ஒரு ஃபிரேம், ஒரு ஃபிரேமில் 32 இடங்கள், ஓர் இடத்தில் 8 பிட். ஓர் இடம் நொடிக்கு 64 ஆயிரம் பிட் சுமக்கும். ஆதியில் அது ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு அளந்த இடம். 0ஆவது இடம் ஃபிரேமின் தொடக்கத்தை அடையாளம் காட்டுவதற்கு. தொலைபேசிக்காரர்கள் 16ஆவதை அழைப்புச் சமிக்ஞைக்கு ஒதுக்குவார்கள். தரவுக்கு மட்டும் பயன்படுத்தினால் அதையும் நாமே எடுத்துக்கொள்ளலாம். அப்போது 31 இடங்கள், நொடிக்கு 1,984 கிலோபிட். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் புழங்குவது 24 இடங்கள் கொண்ட டி1. இலங்கையும் இந்தியாவும் ஐரோப்பாவும் ஈ1 பக்கம். இந்தக் கார்ட் இரண்டுக்கும் பொது, எனவே எந்த வகை லைன் என்பதை முதலில் நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

இதை அறியாதவர்கள் கார்டைச் செருகி, மின்சாரம் கொடுத்து, உள்ளே கன்ட்ரோலரைத் தேடிக் களைத்துப்போவார்கள். இளநீலக் கன்சோல் கேபிளை மாட்டி, 9600 வேகத்தில் உள்ளே நுழைந்து, ‘கார்ட் டைப் ஈ1 0 0’ என்று ஒரு வரி அடிக்கும்வரை கன்ட்ரோலர் கண்ணிலேயே படாது. இரண்டாம் கையில் வாங்கியவர்கள் கார்ட் பழுது என்று திருப்பிக் கொடுக்கப்போகும் முன் இந்த வரியை ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

அதன் பிறகு வேலை சுருக்கம். கன்ட்ரோலருக்குள் போனால் ஃபிரேமிங் சிஆர்சி4 என்றும் லைன்கோட் எச்டிபி3 என்றும் ஏற்கெனவே அமைந்திருக்கும். எச்டிபி3 எதற்கு என்றால், தொடர்ந்து பூச்சியங்கள் வந்தால் கம்பியில் துடிப்பே இருக்காது, எதிர்ப்பக்கம் தாளம் தப்பிவிடும். நான்கு பூச்சியம் சேர்ந்து வரும் இடத்தில் எல்லாம் இது ஒரு குறியீட்டைத் திணித்துத் துடிப்பைக் காப்பாற்றுகிறது. சிஆர்சி4 ஃபிரேம்களுக்குச் சரிபார்ப்புக் கணக்கு வைக்கிறது. சில பழைய ரேடியோக்களும் மல்டிபிளெக்சர்களும் சிஆர்சி4 இல்லாமல் அமைக்கப்பட்டிருக்கும். மறுபக்கம் எப்படியோ இந்தப் பக்கமும் அப்படியே இருக்க வேண்டும். பிறகு ‘சேனல்-குரூப் 0 டைம்ஸ்லாட்ஸ் 1-31’ என்றால் ஒரு சீரியல் இடைமுகம் பிறக்கும். அதற்கு பிபிபி உறையும் ஐபி முகவரியும் கொடுத்தால் பாதை திறந்துவிடும். முழு லைனும் வாங்காதவர்கள் 1-8 என்று போட்டால் 512 கிலோபிட்.

எல்லாரும் இடறும் இடம் கடிகாரம். கார்ட் பெட்டியிலிருந்து வரும்போது ‘கிளாக் சோர்ஸ் லைன்’ என்று இருக்கும்; லைனில் வரும் துடிப்பைக் கேட்டு அதன்படி நடப்பேன் என்று பொருள். நடுவிலுள்ள தொலைத்தொடர்பு வலையமைப்பு தாளம் போட்டுத் தரும் லைன் என்றால் இரண்டு பக்கமும் அப்படியே இருப்பது சரி. ஆனால் தோட்டத்துப் பழைய பிடிஎச் ரேடியோக்கள் தாமாகத் தாளம் போடுவதில்லை. கொடுத்த பிட்டுகளை அவை வந்த வேகத்திலேயே மறுபக்கம் சேர்க்கும், அவ்வளவுதான். அங்கே இரண்டு ரவுட்டரும் லைனைப் பார்த்துக்கொண்டிருந்தால், இரண்டு பாடகர்கள் ஒருவர் மற்றவரிடம் சுருதி கேட்டுக்கொண்டே இருப்பதுபோல் வேகம் மெல்ல மெல்ல இழுபடும். ஒரு முனையில் ‘கிளாக் சோர்ஸ் இன்டர்னல்’, மறுமுனையில் லைன் என்று வைப்பதே முறை. டவுன் பக்கத்தை இன்டர்னலாக வைத்தால், தோட்டத்துப் பெட்டியை மாற்ற நேரும் நாளில் கார்டின் இயல்பான அமைப்பே போதும், ஒபிசில் இருப்பவர் கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் இன்டர்னலாக விட்டால் என்ன? ஈ1 கடிகாரத்துக்குத் தரம் அனுமதிக்கும் விலகல் பத்து லட்சத்துக்கு 50 பங்கு. இரண்டு முனைகளும் அந்த அளவுக்கு வேறுபட்டால் நொடிக்கு 102 பிட் போல மிஞ்சும் அல்லது குறையும். 256 பிட் சேர்ந்ததும் ஒரு ஃபிரேம் முழுவதாக நழுவும், அதாவது இரண்டரை நொடிக்கு ஒருமுறை. இணைப்பு அறுவதில்லை. விளக்கு பச்சையாகவே எரியும். பெரிய கோப்பு மட்டும் ஊர்ந்து ஊர்ந்து போகும், பேச்சில் டிக் டிக் என்று சத்தம் விழும். மழையையும் மூடுபனியையும் குற்றம் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டும் லைன்களில் ‘ஸ்லிப்’ எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தால் காரணம் கடிகாரம்தான். மழை அப்படி ஒழுங்காகப் பிழை செய்யாது.

இந்த எண்ணிக்கைகளுக்காகத்தான் இந்தக் கார்டை நான் மனதார மதிக்கிறேன். ‘ஷோ கன்ட்ரோலர்ஸ் ஈ1’ என்று கேட்டால், 15 நிமிடத்துக்கு ஒரு பக்கமாகக் கடந்த 24 மணி நேரத்தின் 96 பக்கக் கணக்கை விரித்து வைக்கிறது: பிழை விழுந்த நொடிகள், கடுமையாகப் பிழை விழுந்த நொடிகள், லைனே கிடைக்காத நொடிகள், நழுவல்கள். பிற்பகல் இடிமழை நேரத்தில் மட்டும் பிழைகள் குவிகின்றனவா, பெக்டரி மோட்டார்கள் ஓடத் தொடங்கும் நேரத்திலா, பொழுது முழுவதும் பரவலாகவா என்பதை அதில் வாசிக்கலாம். ஊவாவில் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடி வழக்கம். மோட்டார் நேரத்துப் பிழை என்றால் ஏர்த்தையும் வயர் போன பாதையையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

அலாரங்களும் இப்படித்தான் பேசும். சிக்னல் இழப்பு என்று காட்டினால் ரேடியோவிலிருந்து நம் கார்டுக்கு ஒன்றுமே வந்து சேரவில்லை. கேபிளும் ரேடியோவின் மின்சாரமும் முதல் சந்தேகம். ஏஐஎஸ் என்றால் நடுவிலுள்ள கருவி நலமாக இருக்கிறது, அதற்கு அப்பால் அறுந்துவிட்டது என்பதால் அது வெறும் ‘1’ பிட்டுகளையே தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. பெக்டரிக்குள் தேடிப் பயனில்லை. ரிமோட் அலாரம் என்றால் அவர்கள் சொல்வது நமக்குக் கேட்கிறது, நாம் சொல்வது அவர்களுக்குக் கேட்கவில்லை. நம் அனுப்பும் சோடியைப் பாருங்கள். ஆர்ஜே45 முனையில் 1, 2 வாங்கும் சோடி, 4, 5 அனுப்பும் சோடி. இரண்டு ரவுட்டரை மேசையில் நேருக்கு நேர் வைத்துச் சோதிக்க 1ஐ 4க்கும் 2ஐ 5க்கும் மாற்றிய கேபிள் வேண்டும். சாதாரண ஈதர்நெட் கிராஸ் கேபிள் இதற்கு உதவாது, அதில் மாறும் கால்கள் வேறு.

ஒபிசில் நான் இதைப் பொருத்தும்போது கிளாக்கர் ஐயா கேட்ட ஒரே கேள்வி: “நம்ம பக்கம் பழுதா, டவுன் பக்கம் பழுதா தம்பி?” மலையில் அதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை. பதில் தெரியாவிட்டால் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். பாதையில் மண் சரிந்திருந்தால் அதுவும் இல்லை. இந்தக் கார்டிடம் பதில் இருக்கிறது. மறுமுனையில், வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும் லூப்பேக் போட்டு, இங்கிருந்து பெர்ட் சோதனை ஓட்டினால், தெரிந்த ஒரு பிட் வரிசையை அனுப்பி, திரும்பி வருவதுடன் ஒப்பிட்டுப் பிழையை எண்ணும். ஐந்து நிமிடத்தில் ஏறத்தாழ 60 கோடி பிட் போய் வரும். அதில் ஒரு பிழையும் இல்லை என்றால் ரேடியோவையும் தட்டையும் விட்டுவிட்டு ரவுட்டிங்கைப் பார்க்கலாம். சோதனை ஓடும்போது லைன் வேறு வேலைக்கு உதவாது, ஆகவே மாலையில் செக்ரோல் போன பிறகு செய்வது நல்லது.

ஈ1ஐ ஈதர்நெட்டாக மாற்றும் சிறு கன்வர்ட்டர்களும் கிடைக்கின்றன. சுவிட்ச் நான்கைத் தட்டினால் வேலை முடிந்தது, மின்சாரமும் மிகக் குறைவு. ஆனால் மலிவானவற்றில் நான்கைந்து விளக்குகள் தவிர வேறு சாட்சி இல்லை. நேற்றிரவு என்ன நடந்தது என்று அவற்றிடம் கேட்க முடியாது. டவுனில், கூப்பிட்ட தூரத்தில் ஆள் இருக்கும் இடத்துக்கு அவை போதும். ஸ்பிரிங்வெளிக்கு நான் அவற்றைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

பயன்பாட்டில் எப்படி? வேகம் என்று பார்த்தால் இது சிறியது. 10 மெகாபைட் கோப்புக்கு முக்கால் நிமிடம் வேண்டும். 1,500 பைட் பொதி ஒன்று லைனில் ஏறவே 6 மில்லி நொடி. ஆனால் போவதும் வருவதும் ஒரே வேகம், இரவும் பகலும் ஒரே வேகம். பண்டிகை நாளில் டவர் நெரிசலானாலும் இதற்கு ஒன்றுமில்லை. கணக்கு, மின்னஞ்சல், ஏல விவரம், இரண்டு மூன்று இணையப் பேச்சு இவற்றைத் தடுமாறாமல் சுமக்கும். கணினிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும் நேரத்தை இரவுக்குத் தள்ளி, பேச்சுக்கு முன்னுரிமை கொடுக்கும் ‘பிரயாரிட்டி’ வரியை ரவுட்டரில் சேர்ப்பது அவசியம். அதைச் செய்யாமல் இதை மெதுவான லைன் என்று சொல்வது நியாயமல்ல.

குறைகள் பெரியவை, மறைக்க வழியில்லை. ரவுட்டருக்கு நிறுவனத்தின் ஆதரவு முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. இதை இணையத்தின் முகத்தில் நேரடியாக நிறுத்தவே கூடாது. இரண்டு முனைகளுக்கு இடையிலான தனிப் பாதையாக வைத்து, இணைய வாசலில் இன்றைய ரவுட்டர் ஒன்றைக் காவல் வையுங்கள். டெல்நெட்டை மூடிவிடுங்கள். உச்ச மின்தேவை 50 வாட். மின்வெட்டு நேரத்தில் யுபிஎஸ் பேட்டரிக்கு இது பாரம். உள்ளே காற்றாடி உண்டு. ரோலிங், சலிப்பு நடக்கும் அறைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் தேயிலைத் தும்பு அதில் அடைத்துக்கொள்ளும். ஒபிஸ் பக்கம், சுவரில் உயரமாக, கதவுள்ள பெட்டியில் வைப்பது மேல்.

வாங்குமுன் ரேடியோவின் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். வட்டமான பிஎன்சி முனைகள் இருந்தால் அது 75 ஓம். கார்டின் ஆர்ஜே45 வாசல் 120 ஓம். நடுவில் பேலன் மாற்றி இல்லாமல் இணைத்தால் பிழை மழையாகக் கொட்டும். தட்டுக் கம்பத்திலிருந்து வரும் கேபிளுக்கு இடிதாங்கியும் நல்ல ஏர்த்தும் இல்லாமல் எந்தக் கார்டையும் மாட்ட வேண்டாம். ஒரு மின்னலுக்கு இந்த வாசல் தாங்காது, மாற்றுக் கார்ட் தேடக் கொழும்புவரை போக வேண்டும்.

புதிதாக லைன் எடுப்பவர்களுக்கு இது வேண்டாம். ஃபைபரோ நல்ல 4ஜியோ கிடைக்கும் இடத்தில் அதையே எடுங்கள். ஏற்கெனவே ஈ1 ரேடியோ நிற்கும் தோட்டத்துக்கும், தொலைத்தொடர்பு வேலைக்குப் போக விரும்பி லைன் என்பதை உள்ளே இறங்கிக் கற்க நினைக்கும் பசறை, பண்டாரவளைப் பிள்ளைகளுக்கும் தயங்காமல் சொல்வேன்: இரண்டு பெட்டியும் இரண்டு கார்டும் வாங்குங்கள், மூன்றாவது கார்ட் ஒன்றைக் கையிருப்பில் வையுங்கள். இரண்டு முனைகளின் அமைப்பையும் தாளில் அச்சிட்டு, எந்தப் பக்கம் இன்டர்னல், எந்தப் பக்கம் லைன், எந்த அலாரத்துக்கு எங்கே பார்ப்பது என்பதைத் தமிழில் எழுதிப் பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவிடுங்கள். அதைப் பார்த்து, எந்தப் பக்கம் பழுது என்பதைக் கிளாக்கர் ஐயாவே டவுனுக்குச் சொல்லிவிடலாம்.