பச்சையை வாசித்தல்

கலிபோர்னியாவின் கோசெல்லா பள்ளத்தாக்கில், ராஞ்சோ மிராஜ் ஊரில், 1951இல் திறக்கப்பட்டது தண்டர்பேர்ட் கோல்ஃப் மைதானம். முன்பு அது விருந்தினர் தங்கிக் குதிரையேறும் பண்ணை. ஜானி டாஸன் என்ற ஆட்டக்காரர் அதைப் பதினெட்டுக் குழி மைதானமாக்கினார். புல்வெளியோரம் வீட்டு மனைகளாக விலைபோயிற்று. ஆக, புல் வெறும் ஆடுகளமல்ல. மனைக்கு விலையேற்றும் சரக்கும்கூட.

வில்லியம் கோடி போன்றோர் இப்பள்ளத்தாக்கில் கட்டிய தட்டைக் கூரை, கண்ணாடிச் சுவர் வீடுகளை இன்று நவீனத்துவச் சாதனை என்கிறார்கள். அழகுதான், புகைப்படங்களைப் பார்த்து நானும் மயங்கியிருக்கிறேன். ஆனால் மைதானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடிச் சுவர் எதைக் காட்டுகிறது? பாலையையா? இல்லை, பாலையை மூடிய புல்லை. பாலை தூரத்து மலையாக, சும்மா ஒரு படம்போல மிஞ்சுகிறது.

திணை படித்தவனுக்கு இது தலைகீழ்ப் பாடம். நம் மரபில் முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும். இங்கே பாலை திரிந்து மருதமாக வேஷம் போடுகிறது.

வேஷத்துக்குத் தண்ணீர் வேண்டுமே, அது யாருடையது? பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரில் உரிமை கேட்டு அகுவா கலியென்டே கவீயா பழங்குடியினர் 2013இல் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தோடு அடிநீர் உரிமையும் சேர்ந்தே வருகிறது என்று 2017இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பச்சை என்ற பிரதியின் அடியில் இந்தத் தீர்ப்பு இருக்கிறது. அதை விட்டுவிட்டு அழகியல் பேசினால், நாம் செய்வது விமர்சனமல்ல, மனைத் தரகு.