பூட்டும் சாவியும் ஒரே கையில்: செல்பேசிக் கட்டுப்பாட்டுச் செயலிகளை முன்வைத்து

செல்பேசியைக் குறைவாகப் பயன்படுத்த எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பது என்கிற கேள்வி அப்பாவித்தனமாகவே தெரிகிறது. ஆனால் கேட்கப்படும் விதத்திலேயே அது ஒரு குறிப்பிட்ட தன்னிலையைக் கட்டமைத்துவிடுகிறது. தனக்கென்று ஒரு போன், தனக்கென்று ஓர் அறை, தன் நேரத்துக்குத் தானே எஜமான், தன் பலவீனத்துக்கும் தானே முழுப் பொறுப்பு. இப்படிப்பட்ட மனிதர் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதுதான் என் சந்தேகம். சில மாதங்களாக நான்கைந்து செயலிகளை என் போனிலும், கேட்டுக்கொண்ட சிலருடைய போன்களிலும் போட்டுப் பார்த்தேன். பாகூரில் டீக்கடை வைத்திருக்கும் நண்பர் இந்த ஆராய்ச்சியைக் கேள்விப்பட்டுச் சிரித்தார். "போனே ஒரு ஆப்பு. அத நிறுத்தறதுக்கு இன்னொரு ஆப்பா? ஆப்பப் புடுங்குன கொரங்கு கதயால்ல இருக்குது." கோட்பாடு படித்தவர்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஆனால் கிண்டலோடு நின்றுவிட்டால் இந்தச் செயலிகள் ஒவ்வொன்றும் என்ன சொல்கின்றன என்பது தெரியாமலே போய்விடும். அவற்றையும் பிரதிகளாக வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2018ல் கூகுள் 'டிஜிட்டல் வெல்பீயிங்'கையும் ஆப்பிள் 'ஸ்கிரீன் டைம்'மையும் அறிவித்தன. இரண்டும் அடிப்படையில் கணக்குப்பிள்ளைகள். இன்று எத்தனை நிமிடம், எந்தச் செயலியில், எத்தனை தடவை போனைத் திறந்தாய் என்று சொல்லும். ஒரு செயலிக்கு அரைமணி என்று வரம்பு வைத்தால், அது தீர்ந்ததும் படம் சாம்பல் நிறமாகி நள்ளிரவு வரை திறக்காது. ஆனால் அதே விரலால் அமைப்புகளுக்குள் போய் வரம்பை நீக்கிவிடலாம். கால் நிமிடம்கூட ஆகாது. கைதியும் காவலனும் ஒரே ஆள், பூட்டும் சாவியும் ஒரே கையில். 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலில் ஃபூக்கோ விவரிக்கும் பெந்தாமின் சிறையில் கோபுரமாவது இருந்தது. காவலன் உள்ளே இருக்கிறானா என்று தெரியாமலேயே கைதி ஒழுங்காக இருப்பான். இங்கே கோபுரமும் இல்லை. கைதியே தன் குற்றப் பதிவேட்டை எழுதி, தானே வாசித்து வெட்கப்பட்டுக்கொள்கிறான். எனினும் ஃபூக்கோவை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். அவருடைய சிறை கீழ்ப்படிதலை உற்பத்தி செய்கிறது. இந்தக் கணக்கு உற்பத்தி செய்வது குற்றவுணர்வை மட்டும்தான், அதுவும் மறுநாள் காலைவரைதான் தாங்குகிறது. யூடியூபில் நாம் கிடக்கும் நிமிடங்களை விளம்பரக்காரர்களுக்கு விற்கிற அதே நிறுவனம்தான் நிமிடம் எண்ணும் கருவியையும் நமக்குத் தருகிறது. சாராயக்கடையை ஏலம்விடும் அரசே குடியின் கேட்டைப் பற்றியும் எச்சரிப்பதைப் பார்த்துப் பழகிய புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

'ஃபாரஸ்ட்' வேறு மாதிரி. தைவான் நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு, 2014ல் வந்தது. நேரம் குறித்து ஒரு விதை போட வேண்டும். அந்த நேரம் முழுக்க வேறு எதையும் திறக்காமல் இருந்தால் மரம் வளரும், திறந்தால் பட்டுப்போகும். சேரும் நாணயங்களுக்கு நிஜ மரம் நட ஒரு தொண்டு நிறுவனத்தோடு ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது படிக்கிற அக்கா மகள் ஆசையாகப் போட்டுக்கொண்டாள், அவளுடைய அம்மாவின் போனில். வீட்டில் அது ஒன்றுதான் சும்மா கிடக்கும் போன். மூன்றாம் நாள் சொன்னாள், "தம்பி வந்து ஸ்கோர் பாக்கணும்னு புடுங்கிட்டான், மரம் செத்துப்போச்சு மாமா." யார் பண்ணிய கொலைக்கு யார் மனசாட்சி உறுத்துகிறது? ஒரு போனுக்கு ஓர் ஆள் என்று செயலி நம்புகிறது. கை மாறிக் கை போகும் போனை அதற்குப் புரியவில்லை.

நான் பார்த்தவற்றில் கொஞ்சம் மதிப்பு வைப்பது 'ஒன் செக்' என்பதன்மேல். இது நேரத்தை எண்ணிக் காட்டுவதைவிட முக்கியமாக, நம்மைத் தாமதிக்கவைக்கிறது. இன்ஸ்டாகிராமைத் தொட்டவுடன் திறக்காது. ஒரு மூச்சு இழுத்துவிடச் சொல்லி, நிஜமாகவே உள்ளே போக வேண்டுமா என்று கேட்கும். 2023ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரையின்படி, 280 பேரிடம் ஆறு வாரம் பார்த்ததில் நூற்றுக்கு 36 தடவை ஆட்கள் திறக்காமலே திரும்பிவிட்டார்கள். திறக்கிற முயற்சியே ஆறு வாரத்தில் 37 விழுக்காடு குறைந்தது. (செயலியை உருவாக்கியவர் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.) இது நம் கைக்கு வெட்கத்தைத் தருவதற்குப் பதில் ஒரு சின்ன முட்டுக்கட்டையைத் தருகிறது. அதனால்தான் வேலை செய்கிறது என்று தோன்றுகிறது.

ஆனால் ஆண்ட்ராய்டு போனில் இந்த வகைச் செயலிகள் பலவும் 'அக்ஸஸிபிலிட்டி' அனுமதி கேட்கின்றன. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்வது போன்ற உதவிகளுக்காக உண்டான வசதி அது. அதைக் கொடுத்தால் திரையில் ஓடுவதை அந்தச் செயலியால் பார்க்க முடியும். நம்மைத் தடுப்பதற்கு நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாகிறது. 2013ல் ஃபேஸ்புக் வாங்கிய 'ஒனாவோ'வை நினைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு தருகிறேன் என்று போனில் உட்கார்ந்த அந்தச் செயலி, ஆட்கள் வேறு என்னென்ன செயலிகளில் எவ்வளவு புழங்குகிறார்கள் என்று முதலாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2018 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் இது பதிவாகியிருக்கிறது. ஆக, தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்றால் என்ன அனுமதி கேட்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அழகான படங்களெல்லாம் அதற்கப்புறம்.

இதெல்லாம் போனை விருப்பத்தோடு கையில் எடுக்கிறவர்களைப் பற்றிய பேச்சு. 2021ல் இருந்து அங்கன்வாடி ஊழியர் குழந்தையின் எடையையும் உயரத்தையும் 'போஷன் டிராக்கர்' செயலியில் ஏற்றுகிறார். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வேலைத் தளத்தில் தினம் இரண்டு தடவை படமெடுத்து ஏற்றினால்தான் வருகைப்பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். வில்லியனூரிலிருந்து தொழிற்பேட்டைக்குப் போய்வரும் தம்பி ஒருவருக்கு ஒரு செயலியைப் போட்டுக்கொடுக்கப் போனேன். "சூப்பர்வைசர் ராத்திரி பத்து மணிக்கு குரூப்புல போட்டாலும் ஒடனே ஓகேன்னு போடணும்ண்ணே. எந்த ஆப்பு இத நிறுத்தும்?" என்றார். இவருடைய போனில் எது வீண், எது வேலை? செயலி வாட்ஸப்புக்கு ஒரே கணக்குத்தான் எழுதும். மாமன் மகளோடு பேசியதும் மேஸ்திரிக்குப் பதில் போட்டதும் அதே நிமிடங்களில் சேர்ந்துவிடும். இவருக்கு வேண்டியது இன்னொரு செயலியா, சட்டமா?

புதுச்சேரிக்கு இந்தக் கேள்வி பழையது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் மாண்டார்கள். எட்டு மணி நேர வேலை அவர்கள் கேட்டவற்றுள் முக்கியமானது, அதற்குப் பிறகு அது இங்கே சட்டமாகவும் வந்தது. எந்தத் தொழிலாளியும் தன் மனவுறுதியைக் கூட்டிக்கொண்டு எட்டு மணிக்குமேல் தறியிலிருந்து விலகி நிற்கப் பழகவில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே சங்கு ஊதியது. அந்த ஆலைகளில் பெரியதான ஏ.எஃப்.டி. 2020ல் மூடப்பட்டுவிட்டது. வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பறுந்து இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே அதே உரிமைக்காக சுப்ரியா சுலே 2018 இறுதியில் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

சங்கு இன்னும் ஊதுகிற ஓர் உதாரணம் மகாராஷ்டிரத்தில் உண்டு. சாங்க்லி மாவட்டத்தின் மோஹித்யாஞ்சே வட்காவ் கிராமத்தில் 2022 ஆகஸ்டில் ஊரே கூடி முடிவெடுத்து, மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஊதி, ஒன்றரை மணி நேரம் டிவியையும் போனையும் அணைக்க ஆரம்பித்தார்கள். சாவி அவரவர் கையில் இல்லை, ஊரின் கையில். எனக்கு இது எல்லாச் செயலிகளையும்விடப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. ஆனால் 'ஊர்' என்று சொன்னவுடன் உஷாராக வேண்டியிருக்கிறது. 2016ல் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் சூரஜ் என்கிற ஊர் கூடித்தான் திருமணமாகாத பெண்கள் போன் வைத்திருந்தால் அபராதம் என்று தீர்மானித்தது. நம் பக்கத்தில் ஊர் வேறு, சேரி வேறு. எந்தக் கோயிலிலிருந்து சங்கு ஊதும், யார் வீட்டுப் போனை யார் எட்டிப்பார்ப்பார் என்று கேட்காமல் வட்காவைப் பாகூருக்கு இறக்குமதி செய்ய முடியாது.

அதைக் கேட்பதற்கான இடமும் இங்கே இல்லை என்பதுதான் விஷயம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968ல் நடந்தது, பிறகு 2006ல். அந்த மன்றங்களின் காலம் 2011ல் முடிந்தபின் கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகள்தான் நடத்திவருகிறார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன 'கொம்யூன்' என்கிற சொல் பெயர்ப் பலகையில் இருக்கிறது, தேர்ந்தெடுத்து உட்காரவைத்த ஆள் உள்ளே இல்லை. கூடிப் பேசித் தேர்ந்தெடுக்க ஏதுமில்லாத இடத்தில்தான் தனியாக உட்கார்ந்து செயலியைத் தேர்ந்தெடுப்பது இவ்வளவு பெரிய சுதந்திரமாகத் தெரிகிறது.

அக்கா வீட்டில் இப்போது ஃபாரஸ்ட் இல்லை. மாலை ஏழிலிருந்து ஒன்பதுவரை போன்கள் அலமாரிக்குள் போகின்றன, சாவி அக்காவின் முந்தானையில். மகள் படிக்கிறாள். மகன்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். "அப்பா போனு மட்டும் ஏன் அலமாரிக்குப் போவல?" என்று தினமும் கேட்கிறான். வேலை போன் என்று மாமா சொல்கிறார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கிறாள், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.