‘கலை அரசி’யின் வேற்றுலகமும் அதன் மொழியும்

ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’ தமிழ்த் திரைப்படங்களுள் தனித்துக் குறிக்கத்தக்க கருப்பொருளைக் கொண்டது. அறிவியலில் மேம்பட்டும் இசையும் ஆடலும் அறியாத வேற்றுலகத்தார், அவற்றைக் கற்பதற்கென மண்ணுலகப் பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர், காதலன் (எம்.ஜி.ஆர்.) அவளைத் தேடி அங்குச் செல்கிறான். ககாரின் விண்வெளி சென்று ஈராண்டே ஆன காலத்தில் இவ்வாறு எண்ணியது பாராட்டுக்குரியது. தாமே பாடி நடிக்கவல்ல பானுமதியைப் பாடகியாக்கியதும் பொருத்தமே.

ஆயின், கருப்பொருள் எழுப்பும் வினாவைப் படம் எதிர்கொள்ளவில்லை. இசையறியாச் சமுதாயத்தின் மொழி எத்தகையது? இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூவகையாகக் காண்பது நம் மரபு. இவ்வுலகத்தாரிடம் இருப்பது இயல் மட்டுமே. எனில், அவர்தம் பேச்சில் எதுகையும் மோனையும் தோன்றுமா? ‘பாடு’ என்னும் வினைக்கு அவர்களிடம் சொல் உண்டா? தாலாட்டு, ஒப்பாரி என்பவற்றை அவர்களுக்கு எங்ஙனம் பெயர்த்துரைப்பது? தில்லி மந்திர் மார்க்கிலுள்ள தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில், தெருவில் இந்தியே கேட்டு வளரும் சிறார்க்குத் தமிழ்ப் பாட்டுக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விடர்ப்பாட்டை அறிவர். சொற்பொருளைக் கூறிவிடலாம், சந்தத்தைக் கூற இயலாது.

படத்திலோ வேற்றுலகத்தாரும் தமிழே பேசுகின்றனர். பார்வையாளர் மொழியில் அனைவரையும் பேசவைத்தல் திரைப்பட மரபுதானே எனலாம். உண்மை, புராணப் படங்களில் தேவரும் தமிழே பேசுவர். ஆனால் அங்குக் கதை மொழிவேறுபாட்டைச் சார்ந்து நிற்பதில்லை. இங்கோ கற்பித்தலே கதைக்கு அடிப்படை. அது பின்னுக்குத் தள்ளப்பட்டு, அரசவைச் சூழ்ச்சியும் உருவ ஒற்றுமையால் நேரும் குழப்பமும் முன்னிற்கின்றன. நம்பியார் இங்கும் வில்லனே. கோள் மாறினும் அரண்மனை மாறவில்லை.

‘க்ளோஸ் என்கவுண்டர்ஸ்’ (1977) ஐந்து சுரங்களையே இரு உலகங்களுக்கிடையே பொதுமொழியாக்கியது. ‘அரைவல்’ (2016) மொழியியலாளர் ஒருவரையே தலைமைப் பாத்திரமாக்கியது. இவற்றிற்கு வெகு முன்னரே இவ்வாயிலை அடைந்துவிட்ட தமிழ்ப் படம் உள்ளே நுழையாமல் திரும்பியதே நம் குறை. வசனத்தில் சிறு மாற்றமே போதுமானதாக இருந்திருக்கும்: உவமையும் அடுக்குத்தொடரும் நீக்கிய வறண்ட தமிழை அவர்களுக்கு அளித்து, பாட்டைக் கேட்கக் கேட்க அது நெகிழ்வதாகக் காட்டியிருக்கலாம். இன்று இப்படத்தைப் பிறமொழியில் பெயர்க்கப் புகுவோர், இரு உலகப் பேச்சையும் ஒரே நடையில்தான் எழுத நேரிடும். மூலத்தில் வேறுபாடு இல்லை.