இறந்தோர்க்கா, இருப்போர்க்கா?

இறந்தோர்க்கான திருப்பலியின் இலத்தீன் பாடல்கள், இறந்தவருக்கு முடிவில்லா இளைப்பாற்றி வேண்டி இறைவனிடம் மன்றாடுபவை. 19-ஆம் நூற்றாண்டின் ரொமாண்டிக் இசைமேதைகளோ, தனிமனித உள்ளத்தின் உணர்வே இசையின் ஊற்று எனக் கொண்டவர்கள். அவர்கள் கையில் இம்மன்றாட்டு என்னவாயிற்று?

எழுத்தாளர் மன்சோனியின் முதலாண்டு நினைவாக, 1874 மே 22 அன்று மிலான் நகரின் சான் மார்க்கோ ஆலயத்தில் வெர்டியின் படைப்பு அரங்கேறியது. இலத்தீன் சொற்களை அவர் காத்தார். ஆயினும் தீர்வை நாளைப் பாடும் பகுதியில் பெருமுரசு இடியென அதிர்கிறது. மன்றாட்டினும் மேலோங்கி நிற்பது மனிதனின் நடுக்கமே.

பிராம்ஸ் இலத்தீன் சொற்களையே விடுத்தார். 1865-இல் தாயை இழந்த அவர், லூத்தரின் விவிலியத்திலிருந்து தாமே வசனங்களைத் தெரிந்து ‘ஜெர்மன் ரெக்குவியம்’ இயற்றினார். துயருறுவோரைப் பற்றிய மலைப்பொழிவின் பேற்றுடன் அது தொடங்குகிறது. முதற்பகுதியில் வயலின்களே இல்லை; தாழ்ந்த தந்திகளின் இருளிலிருந்து ஆறுதல் மெல்ல எழுகிறது. மானிடர் புல்லைப்போல் வாடுவதைப் பாடும் இரண்டாம் பகுதி, மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் செல்லும் இறுதி ஊர்வலம். ஐந்தாம் பகுதியில் ஒரு பெண்குரலோடு சேர்ந்து பாடகர் குழு தாயின் தேற்றரவைப் பாடுகிறது.

எனினும், ஏழு பகுதிகளிலும் கிறிஸ்துவின் பெயர் இல்லை. மீட்பளிக்கும் அவரது மரணம் இடம்பெறவில்லையே என்று பிரேமன் பேராலய இசைஞர் ரைந்தாலர் கேட்டார். அறிந்தே விடுத்ததாகப் பிராம்ஸ் மறுமொழி எழுதினார். 1868 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று, அப்பேராலயத்தில் அப்போதிருந்த ஆறு பகுதிகளும் இசைக்கப்பட்டபோது, மீட்பரை அறிக்கையிடும் ஹேண்டலின் ‘மெசியா’ பாடலொன்று உடன் சேர்க்கப்பட்டது.

ரைந்தாலரின் கேள்வி நியாயமானதே. உணர்வை மட்டும் ஊற்றாகக் கொள்ளும் கலை துயரை ஆழ அறியும்; மீட்பை அறிவிக்கத் தயங்கும். ஆனால் அடக்கச் சடங்கு முடிந்ததும், அழுது நிற்போரைத் தனியே விட்டுவிட்டு நாம் வீடு திரும்புவதில்லையா? பிராம்ஸ் அவர்களிடமே முதலில் செல்கிறார்.

இறுதிப் பகுதியில், ஆண்டவருக்குள் இறப்போரின் பேறு பாடப்படுகிறது. முதற்பகுதியின் இசை அங்கே திரும்ப ஒலிக்கிறது. அழுவோருக்கு உரைத்த அதே பேறு, இப்போது இறந்தோருக்கு. நம் வழிபாடு தொடங்கும் இடத்திற்கு, அழுவோரின் கைபற்றி நடந்து, பிராம்ஸ் இறுதியில் வந்து சேர்கிறார்.