பட்டியலில் இளைஞர், சபையில் யார்?

இளைஞர் மன்றங்களை நிறுவிவிட்டால் உள்ளூராட்சியில் இளைஞருக்கு உரிய இடம் கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கை இன்று பரவலாக உண்டு. இந்நம்பிக்கையை நமது வரலாற்றின் ஒளியில் சோதித்துப் பார்ப்பது அவசியமாகும்.

1989இல் நியமிக்கப்பட்ட இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, தென்னிலங்கையில் இளைஞர் இரத்தம் பெருகிய சூழ்நிலையில் விசாரணை நடத்தியது. அரசியற் செல்வாக்கும் அதிகாரத் துஷ்பிரயோகமுமே இளைஞரின் விரக்திக்கு முக்கிய காரணங்கள் என அது கண்டது. 1990இல், உள்ளூராட்சி வேட்பாளருள் 40 சதவீதத்தினர் இளைஞராய் இருத்தல் வேண்டுமெனச் சட்டம் விதித்தது. 2012இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலில் 25 சதவீதமாக அது மீண்டும் வந்தது.

எனினும் இவ்வேற்பாடு பட்டியலைப் பற்றியதேயன்றி ஆசனத்தைப் பற்றியதன்று. 2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் பெண்களுக்கு ஆசனங்களிலேயே 25 சதவீதம் ஒதுக்கப்பட்டது. இளைஞருக்கோ வேட்புமனுவில் பெயர் மட்டுமே. பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் இளைஞன் கட்சிக்குப் பயன்படுகிறான், கிராமத்துக்குப் பயன்படுகிறானா?

தேர்தலே நடவாதபோது பட்டியலும் பயனற்றதாகிறது. 2018இல் வாக்குரிமை வயதைச் சற்றே தவறவிட்டவர், தம் பிரதேச சபைக்கு முதன்முறை வாக்களிக்க 2025 வரை காத்திருக்க நேர்ந்தது. 2023இல் தேர்தல் நடத்தப்படாமை அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. இழந்த ஆண்டுகளைத் தீர்ப்பு மீட்டுத் தருமா?

இளைஞர் மன்றம் இக்குறையை நிரப்பலாம் என்பார்க்கு நாம் கூறுவது இதுதான்: மன்றத்தின் தீர்மானம் சபையின் மேசைக்குப் போக வேண்டும். சிரமதானத்துக்கு மண்வெட்டியும் விழாவுக்கு மாலையும் சுமப்பவராய் மட்டும் இளைஞரை வைத்திருப்பது அவர்களை ஆட்சியிற் சேர்த்ததாகாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் குழுக்களிற் சேர்க்க இடமளிக்கிறது. வாசிகசாலைக்கு எந்நூல் வாங்குவது, எவ்வொழுங்கைக்கு முதலில் விளக்கிடுவது, எவ்வாய்க்காலைத் துப்புரவாக்குவது என்பனவற்றில் இளைஞர் குரல் இக்குழுக்கள் வழியே ஒலிக்கலாம். அவர்களுக்கு அனுபவம் போதாது என்பாரும் உளர். பொறுப்பே தராமல் அனுபவத்தை எதிர்பார்ப்பது நீரில் இறங்கவிடாமல் நீந்தக் கேட்பது போன்றதன்றோ?

வயது மட்டுமே முற்போக்கின் சான்று என நாம் கருதவில்லை. சாதியும் பணமும் ஆளும் வட்டாரத்தில் இளைஞனும் அவற்றின் கருவியாகலாம். ஆகவே ஒடுக்கப்பட்ட குடியிருப்புகளின் இளைஞரும், இளம் பெண்களும் மன்றத்தில் இடம்பெறுகின்றனரா என்பதே முதற் கேள்வி. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சாதிபேதத்தை எதிர்த்ததும் அந்நிய ஆட்சியை எதிர்த்ததும் ஒருசேரத்தான். அவ்வியக்கத்தில் ஆசிரியர்கள் முன்னின்றனர் என்பதை இன்றைய ஆசிரியர்களாகிய நாம் மறத்தலாகாது.