செங்கோலும் செங்கோடும்

சித்தன்னவாசல் என்றதும் தாமரைப் பொய்கையைப் புகழாதார் இல்லை. பூக்கொய்யும் துறவியரும், களிறும், எருமையும், மீனும் நிறைந்த அந்த விதான ஓவியம் புகழுக்குரியதே. ஆயினும், புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் கடந்து அந்தச் சமணக் குடைவரைக்கு வருவோர், அண்ணாந்த விழியைச் சற்றே இறக்கித் தூண்களையும் நோக்க வேண்டுகிறோம். அங்கே ஓர் அரசன் நிற்கிறான். பின்னே அவன் தேவி. வண்ணத்தின் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. எஞ்சியது கோடு.

அந்தக் கோட்டைப் பற்றியே பேச விழைகிறோம்.

பாறைமீது சுண்ணச் சாந்து பூசி மெழுகியபின், உருவை முதலில் காவிக் கோட்டால் வரைவது சுவரோவியர் மரபு. அதன்மேல் மண்ணிலும் கல்லிலும் எடுத்த வண்ணங்களை நிரப்புவர். முடிவில் மீண்டும் கோடிட்டு உருவைத் துலக்குவர். ஆக, முதற்கோடு மறைவதற்கென்றே பிறந்தது! காலம் வண்ணப் போர்வையைக் களைந்தது. அடியில் கிடந்த கைத்திறன் வெளிச்சத்திற்கு வந்தது.

தூணில் ஆடும் மங்கையைப் பாருங்கள். தோளில் தொடங்கி யானைத் துதிக்கையென நீண்டு வளையும் அந்தக் கையில் தயக்கம் உண்டா? தடுமாற்றம் உண்டா? கோடே எலும்பாகவும் தசையாகவும் நின்று ஆடுகிறதன்றோ! அரசன் உருவிலோ இந்தத் துள்ளல் இல்லை. மணிமுடிக்குக் காட்டிய கவனம் மேனியின் உயிர்ப்பைச் சிறிது கட்டிவிட்டது என்பதே நம் கருத்து. அரசனை வரையும்போது கைக்கு அச்சம் வந்ததோ, என்னவோ!

1920-இல் பிரெஞ்சு அறிஞர் துப்ராய் இவற்றைப் பல்லவ ஓவியம் என்றார். மன்னன் முதலாம் மகேந்திரவர்மனே என்றனர் சிலர். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இவ்வறிவர் கோயிலைப் புதுக்கி முகமண்டபம் எடுத்ததைக் கூறும் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டைக் காட்டி, இவன் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் என்றனர் வேறு சிலர். வழக்கு நடக்கட்டும், வரலாற்றுக்கு அது வேண்டியதே. ஆனால் பல்லவனா பாண்டியனா என்று நூறாண்டு வாதிட்ட நாட்டில், வரைந்தவன் எவன் என்ற கேள்வி எத்தனை பேர் நாவில் எழுந்தது? கல்வெட்டில் வேந்தன் பெயர் உண்டு. திருப்பணி செய்தவர் பெயர் உண்டு. நாள் முழுதும் நின்று, குடைவரையின் மங்கிய ஒளியில் காவி தோய்த்துக் கோடிழுத்த தொழிலாளி என்று எவரையும் அது சுட்டவில்லை.

“தூணில் காணும் மன்னன் யார்?” என்று வினாத்தாளில் கேட்கிறார்கள், விடைக்கு ஒரு மதிப்பெண். அந்தத் துதிக்கைக் கையை ஒரே இழுப்பில் வரைந்து காட்டு என்று மாணவனிடம் கரித்துண்டை நீட்டுவது எந்நாள்?